பிறந்துவிட்டவருக்காக எப்படிக் காத்திருப்பது?

ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "நவம்பர் கடைசியிலிருந்து கோவிலில் வாராவாரம் 'நம்பிக்கையோடு காத்திருங்கள்' என்கிறார்கள். இயேசு பிறந்து இரண்டாயிரம் வருடம் ஆகிவிட்டது. பிறந்துவிட்டவருக்காக எப்படிக் காத்திருப்பது? இன்னும் பிறக்காத மாதிரி நடிக்க வேண்டுமா? எனக்கு வயது 28. மூன்று வருடமாக அரசுத் தேர்வு எழுதி, முடிவுக்குக் காத்திருந்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். இலவு காத்த கிளி மாதிரி இருக்கிறது. காத்திருப்பு என்ற சொல்லைக் கேட்டாலே கசக்கிறது."

தம்பி, இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வந்துவிட்டவருக்காகக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டா என்பது ஒன்று. காத்திருந்து களைத்தவனுக்கு இந்தக் காலம் என்ன தருகிறது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பெரிது. ஆனால் முதலாவது தெளிவாகாமல் அதைப் பேச முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நடிக்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தை, அதாவது அட்வென்ட் காலத்தை, இயேசுவின் பிறந்தநாளுக்கான நாள் எண்ணிக்கை என்று நினைத்தால்தான் அது நடிப்பாகத் தோன்றும். முதல் ஞாயிறு வாசிக்கப்படும் நற்செய்தியைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? அதில் மாட்டுத்தொழுவமும் இல்லை, இடையர்களும் இல்லை. "விழிப்பாயிருங்கள், மானிடமகன் எந்த நேரத்தில் வருவார் என்று உங்களுக்குத் தெரியாது" என்பதுதான், கோவில் வாசகங்கள் மாறிவரும் மூன்றாண்டுச் சுழற்சியில் எந்த ஆண்டானாலும் அன்றைய செய்தி. பெத்லகேமுக்கு முன்பாகத் திருச்சபை நம்மை உலகத்தின் முடிவுக்கு அழைத்துப் போய் நிறுத்துகிறது. வழிபாட்டு ஆண்டும் அன்றுதான் தொடங்குகிறது. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறு அது. அங்கிருந்து டிசம்பர் 16 வரை கண் முன்னால் இருப்பது அவருடைய இரண்டாம் வருகை. 17-ஆம் தேதியிலிருந்துதான் வாசகங்கள் கன்னி மரியாவின் பக்கமும் பெத்லகேமின் பக்கமும் திரும்புகின்றன.

அட்வென்ட் என்பதற்கு மூலமான லத்தீன் சொல் 'அத்வெந்துஸ்', வருகை என்று பொருள். ரோமைப் பேரரசன் ஒரு நகரத்துக்குள் நுழையும் சடங்குக்கும் அதே பெயர்தான். நகர மக்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கோட்டை வாசலைத் தாண்டி வெளியே போய் அவனை எதிர்கொண்டு அழைத்துவருவார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைப்பது நமக்குத் தெரியும். அந்த 'எதிர்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எருசலேமின் ஆயர் சிரில் நான்காம் நூற்றாண்டிலேயே இரண்டு வருகைகளைப் பற்றிப் பேசினார்: முதல் வருகையில் தீவனத் தொட்டியில் துணியால் சுற்றப்பட்டுக் கிடந்தார், இரண்டாம் வருகையில் ஒளியை ஆடையாக உடுத்தி வருவார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்தின் அதிபர் பெர்னார்டு இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்றைச் சேர்த்தார். உடலில் வந்தது முதலாவது, மாட்சியில் வரப்போவது கடைசி, நடுவில் யாருக்கும் தெரியாமல் மனிதர்களின் உள்ளத்துக்குள் வந்துகொண்டே இருப்பது ஒன்று. நாம் இருப்பது அந்த நடுவில். வந்துவிட்டார், வந்துகொண்டிருக்கிறார், வரப்போகிறார் என்ற மூன்றையும் நான்கு ஞாயிறுகளுக்குள் ஒன்றாக நினைப்பதுதான் இந்தக் காலம். இது வரை மறைக்கல்விப் புத்தகத்திலேயே கிடைக்கும்.

இனி உங்களுக்குக் கசக்கும் அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

எசாயா 40-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை, சி.எஸ்.ஐ. சபையாரும் மற்றப் புரொட்டஸ்டன்ட் சபையாரும் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் பாருங்கள்: "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்." 1995-ல் வெளிவந்த, கத்தோலிக்கக் கோவில்களில் வாசிக்கும் திருவிவிலியத்தில் அதே இடம், "ஆண்டவர்மேல் நம்பிக்கை வைத்திருப்பவரோ புதிய ஆற்றல் பெறுவர்" என்று இருக்கும். ஒன்றில் காத்திருப்பு, இன்னொன்றில் நம்பிக்கை. யாரும் தப்பாக மொழிபெயர்க்கவில்லை. எபிரேயத்தில் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல், 'காவா'. காத்திரு என்பதும் நம்பு என்பதும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கும். ஆக, 'நம்பிக்கையோடு காத்திருங்கள்' என்று நமக்கு இரண்டு சொற்களில் சொல்லப்படுவது மூலத்தில் ஒரே சொல்.

அந்த வேரிலிருந்து வரும் பெயர்ச்சொல் 'திக்வா'. நம்பிக்கை, எதிர்நோக்கு என்று பொருள். அதே எழுத்துகள் வேறோர் இடத்தில் கயிறு என்ற பொருளிலும் வருகின்றன. எரிகோ நகரத்து இராகாபு தன் வீட்டுச் சன்னலில் கட்டி வைத்த சிவப்புக் கயிறு நினைவிருக்கிறதா? யோசுவா 2-ஆம் அதிகாரத்தில் அந்தக் கயிற்றுக்கு வரும் சொல் 'திக்வா'தான். அவள் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய இஸ்ரயேல் ஒற்றர்கள், உன் வீட்டாரைக் காப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் கயிற்றைக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறாள். அவளிடம் இருந்தது ஒரு வாக்கும் ஒரு கயிறும் மட்டும்.

தமிழில் காத்திரு என்ற சொல்லுக்குள்ளும் பார்க்க ஒன்று இருக்கிறது. கா என்றால் காவல் செய். காத்து இரு. 130-ஆம் சங்கீதத்தில் விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைவிட அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்று பாடுகிறவன், காவல்காரனைத்தான் உவமையாக எடுக்கிறான். காவல்காரன் காத்திருப்பதும் காப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. விடியுமா என்று அவனுக்குச் சந்தேகம் கிடையாது. விடியும் வரை ஊரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் அவன் வேலை.

இலவு காத்த கிளியோடு உங்களை ஒப்பிட்டீர்கள். அந்தக் கிளியின் தவறு காத்திருந்ததில் இல்லை. இலவம் காயிடம் பழத்தை எதிர்பார்த்தது, தர முடியாததிடம் கேட்டது. திருவருகைக் காலம் நம்மிடம் முதலில் கேட்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்: எதனிடம் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்? ஒரு தேர்வு முடிவு வேலையைத் தரலாம், சம்பளத்தைத் தரலாம். அவை சின்ன விஷயங்கள் இல்லை, கிடைக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் நீ மதிப்புள்ளவன் என்று உங்களிடம் சொல்லும் வேலையை அந்த முடிவுப் பட்டியலிடம் கொடுத்தால், அது காய்த்து வெடித்துப் பஞ்சாகத்தான் போகும்.

சரி, பிறந்துவிட்டவருக்கு எப்படிக் காத்திருப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் ஒரு கர்ப்பிணிப் பெண்தான். நிறைமாதத்தில் இருப்பவளுக்குக் குழந்தை இல்லை என்று யாராவது சொல்வார்களா? குழந்தை இருக்கிறது, உதைக்கிறது, அவள் சாப்பிடுவதைத் தானும் சாப்பிடுகிறது. ஆனாலும் அவள் காத்திருக்கிறாள். முகத்தை இன்னும் பார்க்கவில்லை. பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 8-ஆம் அதிகாரத்தில் படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிக்கிறது என்று எழுதியது இந்த அர்த்தத்தில்தான். பேறுகால வேதனை என்பது உள்ளே உயிர் இருப்பதற்கு அடையாளம்.

இதற்கென்றே ஒரு திருநாள் உண்டு. ஸ்பெயினில் 656-ஆம் ஆண்டு கூடிய பத்தாம் தொலேதோ சங்கம் டிசம்பர் 18-ஐ மாதாவின் விழாவாக வைத்தது. பிற்காலத்தில் அந்த நாள் பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் மாதாவின் திருநாளாக ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் வேரூன்றியது. போர்த்துகீசியர் அவளுக்கு 'ஓ மாதா' என்று செல்லப் பெயரே வைத்துவிட்டார்கள். காரணம், டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் பாடப்படும் ஏழு சிறு பாடல்கள். ஒவ்வொன்றும் 'ஓ' என்ற விளியோடு தொடங்கும்: ஓ ஞானமே, ஓ ஆண்டவரே, ஓ ஈசாயின் வேரே, ஓ தாவீதின் திறவுகோலே, ஓ விடியலே, ஓ மக்களின் அரசே, ஓ இம்மானுவேலே. எல்லாமே 'வாரும்' என்ற மன்றாட்டில் போய் முடியும். லத்தீனில் இந்த ஏழு பெயர்களின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்தால் 'எரோ கிராஸ்' என்று வரும். நாளை வந்திருப்பேன் என்று அர்த்தம். ஏழு நாள் நாம் வாரும் வாரும் என்று கூப்பிட, அந்தக் கூப்பாட்டுக்குள்ளேயே பதில் ஒளிந்திருக்கிறது.

அந்த மாதாவின் கோவில் நமக்கு எங்கேயோ இல்லை. சென்னைப் பரங்கிமலையின் உச்சியில் 1523-ல் போர்த்துகீசியர் கட்டிய கோவில் அவள் பெயரில்தான் இருக்கிறது. 1547-ல் அங்கே தோண்டியபோது கிடைத்த, பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து பொறித்த கல் சிலுவை பீடத்தில் இருக்கிறது. 1558 டிசம்பர் 18 அன்று, அவள் திருநாளிலேயே, திருப்பலி நேரத்தில் அந்தச் சிலுவை வியர்த்தது என்பது அந்த மலையின் மரபு. இயேசுவின் சீடர் தோமையார் நினைவாக மலை ஏறுகிறவர்கள் நிறையப் பேர். அது காத்திருக்கும் தாயின் கோவில் என்பது தெரிந்து ஏறுகிறவர்கள் குறைவு.

நான் தெரிந்துதான் ஏறினேன். எனக்குத் திருமணமாகி ஒன்பது வருடம் குழந்தை இல்லாமல் இருந்த சமயம் அது. அந்த ஒன்பது டிசம்பரிலும் எங்கள் பங்குக் கோவில் குடிலில் குழந்தை இயேசுவை வைக்க என்னைக் கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கிக்கொள்வேன். பத்தாவது வருடம் 18-ஆம் தேதி படியேறிப் போய் மாதாவிடம் கேட்டேன். அதற்கப்புறம் எனக்குக் குழந்தை பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. பிறக்கவில்லை. இப்போது எனக்கு 53 வயது. அந்த ஏக்கம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று இறங்கி வரும்போது, கேட்டது கிடைக்காவிட்டால் கடவுளோடு பேச்சே கிடையாது என்ற வைராக்கியம் என்னிடம் இல்லை. என் ஏக்கத்தோடு உட்கார இடம் கொடுக்கிற ஒருத்தி அங்கே இருந்தாள், அவளும் காத்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த வருடம் பங்கில் மறைக்கல்வி எடுக்க ஆள் தேவை என்றார்கள். போனேன். இன்று வரை எடுக்கிறேன். குடிலில் குழந்தையை இப்போது நானே வைக்கிறேன்.

அதனால்தான் காத்திருப்பை இனிப்பாகப் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கும் ஒட்டாது. திருவருகைக் காலத்தின் பெரிய குரல்களைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். அவற்றில் பல சிறைக்குள்ளிருந்து வந்தவை.

முதலில் பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் எரேமியா. மூன்றாம் ஆண்டுச் சுழற்சியின் முதல் ஞாயிறு வாசகம் அவருடையது: தாவீதுக்கு நீதியின் தளிர் ஒன்று முளைக்கும் என்ற வாக்கு. அந்த வாக்கு அவருக்கு வந்தபோது அவர் காவல் கூடத்தில் அடைக்கப்பட்டிருந்தார். வெளியே பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருந்தது. நகரம் விழப்போகிறது என்று சொன்னதற்காகத்தான் அவரை அடைத்தார்கள். அந்த நிலைமையில் அவர் ஒரு காரியம் செய்தார். அனத்தோத்தில் இருந்த நிலத்தை உறவினனிடமிருந்து 17 செக்கேல் வெள்ளிக்கு விலைக்கு வாங்கினார். எதிரியின் கையில் போய்விட்ட ஊரில் நிலம்! சாட்சிகள் முன்னிலையில் பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையிட்டு, வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். அப்புறம் அந்தப் பத்திரத்தை ஒரு மண்பானையில் போட்டு வைக்கச் சொன்னார், நெடுநாள் கெடாமல் இருக்கட்டும் என்று. "இந்த நாட்டில் வீடுகளும் நிலங்களும் திராட்சைத் தோட்டங்களும் மீண்டும் வாங்கப்படும்" என்பது கடவுளின் வாக்கு, அதற்கு அவர் கட்டிய முன்பணம் அது. 32-ஆம் அதிகாரம் முழுவதையும் ஒரு தடவை படியுங்கள். நம்பிக்கை என்றால் என்னவென்று எனக்கு அதைவிடத் தெளிவாகக் காட்டிய பக்கம் கிடையாது. நல்லதே நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. நகரம் எரியும் என்று சொன்னார், எரிந்தது. எரிந்ததற்கு அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்து நிலம் வாங்கினார்.

நாள்காட்டிகளில் எல்லாம் அச்சிடுகிறார்களே, 'உங்களுக்காக நான் வகுத்துள்ள திட்டங்கள் வளமான எதிர்காலத்துக்கானவை' என்ற 29:11, அதுவும் அவர் எழுதியதுதான். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது ஆண்டு ஆகும் என்றும் எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் நலனை நாடுங்கள் என்று எழுதியிருக்கிறார். எழுபது ஆண்டு என்றால் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பிப் போக மாட்டார்கள். அவர்களுக்குத்தான் தோட்டம் போடச் சொல்கிறார். தம்பி, தேர்வு முடிவு வரட்டும் என்று நீங்கள் தள்ளிப்போட்டிருக்கும் வாழ்க்கை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். நண்பர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகாதது, அப்பாவோடு உட்கார்ந்து பேசாதது, பிடித்ததைப் படிக்காதது. அவற்றில் எதற்குமே பட்டியல் வர வேண்டியதில்லை.

அடுத்து திருமுழுக்கு யோவான். மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. வாரம் ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றும் வளையத்தில் ரோஸ் நிற மெழுகுவர்த்தி எரியும், ஃபாதரும் அந்த நிற உடை போடலாம், "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்" என்ற பவுலின் சொல்தான் அந்த ஞாயிறுக்குப் பெயர் தந்தது. ஆனால் முதலாம் ஆண்டுச் சுழற்சியில் அன்று வாசிக்கும் நற்செய்தி எங்கே தொடங்குகிறது தெரியுமா? ஏரோதின் சிறையில். சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த மக்கேருஸ் கோட்டையில் யோவான் அடைபட்டிருந்தார் என்று யூத வரலாற்றாளர் யோசேப்பு எழுதியிருக்கிறார். யோர்தான் கரையில் இயேசுவைச் சுட்டிக் காட்டியவர் அங்கிருந்து ஆள் அனுப்பிக் கேட்கிறார்: "வரவிருப்பவர் நீர்தாமா? அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?" மகிழ்ச்சி ஞாயிறன்று திருச்சபை இந்தச் சந்தேகத்தை நம் முன்னால் வைக்கிறது. இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லப்படுகிறது, கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்றார். யோவானைப் பற்றி, பெண்களிடம் பிறந்தவர்களுள் இவரைவிடப் பெரியவர் தோன்றியதில்லை என்றும் சொன்னார். யோவான் விடுதலையாகவில்லை. உங்கள் கசப்பை ஒரு பாவம் மாதிரி நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். அதைவிடக் கடினமான கேள்வியை அனுப்பியவருக்கு இந்தக் காலத்தில் இரண்டு ஞாயிறுகளை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

நம் காலத்துக்கு நெருக்கமாக இரண்டு பேர். பெர்லினில் தேகல் சிறை. லுத்தரன் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர் 1943 ஏப்ரலில் நாஜிகளால் கைது செய்யப்பட்டு அங்கே இருந்தார். கைதாவதற்கு மூன்று மாதம் முன்புதான் அவருக்குத் திருமண நிச்சயம் ஆகியிருந்தது. திருவருகைக் காலம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, நவம்பர் 21 அன்று, நண்பர் பெத்கேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். சிறை அறை வாழ்க்கை திருவருகைக் காலத்தோடு ஒப்பிடத் தக்கது என்றார் அதில்: காத்திருக்கிறோம், நம்புகிறோம், அதையும் இதையும் செய்கிறோம், கதவோ பூட்டியிருக்கிறது, அதை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அதே சிறைக்கு 1944-ல் வந்தவர் இயேசு சபைக் குரு ஆல்ஃபிரட் டெல்ப். ஜூலையில் கைது. ஆகஸ்டு 15-ல் எடுக்க வேண்டிய இறுதி வார்த்தைப்பாட்டை, அதாவது துறவியாகத் தரும் இறுதி வாக்குறுதியை, டிசம்பர் 8 அன்று சிறைக்குள்ளேயே எடுத்தார். அந்த டிசம்பரில் விலங்கிட்ட கைகளோடு திருவருகைக் காலத் தியானங்களைத் துண்டுத் தாள்களில் எழுதினார். அவை சலவைத் துணியோடு ஒளித்து வெளியே கடத்தப்பட்டன. திருவருகைக் காலம் மனிதன் தன் அடித்தளம் வரை உலுக்கப்படும் காலம், அப்படி உலுக்கப்பட்டுத்தான் தன் உண்மைக்கு விழிக்கிறான் என்பது அவற்றின் சாரம். 1945 பிப்ரவரி 2-ல் அவரும் தூக்கிலிடப்பட்டார். அன்று ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. வாழ்நாள் முழுதும் காத்திருந்த சிமியோன், குழந்தையைக் கையில் ஏந்தி "ஆண்டவரே, இப்போது உமது அடியானை அமைதியுடன் போகவிடுகிறீர்" என்று சொன்னதை நினைக்கும் நாள்.

டிசம்பர் 20-க்குரிய பாடலை முழுதாக இப்போது கேளுங்கள். ஓ தாவீதின் திறவுகோலே, நீர் திறந்தால் யாரும் அடைக்க முடியாது, நீர் அடைத்தால் யாரும் திறக்க முடியாது, வாரும், இருளிலும் சாவின் நிழலிலும் உட்கார்ந்திருக்கும் கைதியைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவாரும். அடுத்த நாள் 21, வடக்கு நாடுகளில் ஆண்டிலேயே நீண்ட இரவு. அன்றுதான் 'ஓ விடியலே' பாடுகிறார்கள்.

போன்ஹோஃபர் சொன்னதில் 'அதையும் இதையும் செய்கிறோம்' என்ற துண்டு எனக்கு மிகவும் பிடிக்கும். கதவைத் திறப்பது நம் கையில் இல்லை. அறைக்குள் என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. எரேமியா பத்திரம் எழுதினார், யோவான் ஆள் அனுப்பினார், டெல்ப் விலங்கோடு எழுதினார், இராகாபு கயிறு கட்டினாள்.

யோவானின் கேள்வியை வாசிக்கும் அதே ஞாயிறு, யாக்கோபின் கடிதத்திலிருந்தும் நான்கு வசனம் உண்டு. பயிரிடுகிறவன் முன்மாரியும் பின்மாரியும் வரும் வரை பொறுமையோடு காத்திருக்கிறான் என்பது. பாலஸ்தீனத்தில் முன்மாரி அக்டோபர், நவம்பரில் விதைப்புக்கு வரும், பின்மாரி மார்ச், ஏப்ரலில் கதிருக்கு வரும். நமக்கு டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. தஞ்சைப் பக்கம் சம்பா வயல்கள் அப்போது சூல் கட்டி நிற்கும், அறுவடை தை மாதத்தில். பயிருக்கும் மேகத்துக்கும் பெண்ணுக்கும் சூல் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழி நம்முடையது. சூல் கட்டிய பயிரைப் பார்த்து எந்த விவசாயியும் இதில் நெல் இல்லையே என்று சொல்ல மாட்டார். ஆனால் களை எடுக்காமல், தண்ணீரை வடிக்காமல், சும்மாவும் உட்கார மாட்டார்.

திருவிவிலியத்தில் 'ஹோப்' என்பதற்கு எதிர்நோக்கு என்று தமிழாக்கியிருக்கிறார்கள். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று 1 கொரிந்தியர் 13-ல் வரும். முதலில் கேட்டபோது எனக்கும் செயற்கையாகத்தான் இருந்தது. இப்போது பிடித்துவிட்டது. வருகிறவரின் திசையில் முகத்தைத் திருப்பி வைத்திருப்பது. எதிர்கொள்ளப் போகிறவன் அப்படித்தான் நிற்பான்.

வீட்டில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய காலத்தில் இது நோன்புக் காலம். ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-லிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரம் மூன்று நாள் நோன்பு வைத்தார். கிழக்குத் திருச்சபைகளில் இன்றும் நாற்பது நாள் உண்டு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் 25 நாள் நோன்பு இருக்கிறார்கள். நம் பக்கம் டிசம்பர் பிறந்ததுமே கேக்கும் கேரல் ரவுண்டும் தொடங்கிவிடுகின்றன. கேரல் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், இரவில் வீடு வீடாகப் பாடிப் போவதும் ஒரு வருகை அறிவிப்புத்தான். ஆனால் வழிபாட்டில் ஒன்றைக் கவனியுங்கள். நான்கு ஞாயிறும் 'உன்னதங்களிலே' என்ற வானவர் கீதத்தைப் பாட மாட்டோம். பெத்லகேம் இரவில் வானதூதர்கள் பாடிய பாட்டு அது. அந்த இரவுத் திருப்பலியில் மணியடித்துத் தொடங்கும்போது புதுப் பாட்டாகக் கேட்கும். அந்த மாதிரி ஒன்றை, ஒரே ஒன்றை, வீட்டிலும் 24 இரவு வரை நிறுத்தி வைக்கலாம். குடில் கட்டினால் தொட்டியை அதுவரை காலியாக விடுங்கள். ஞானிகள் மூவரையும் குடிலுக்குள் வைக்காமல் வீட்டின் வேறு மூலையில் வைத்து, தினம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே வாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடானால் இதற்குச் சண்டையே வரும்.

மெழுகுவர்த்தி வளையமும் பிள்ளைகளிடமிருந்து வந்ததுதான். ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்திய லுத்தரன் போதகர் யோஹான் ஹின்ரிச் விச்செர்னிடம், கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்கள். 1839-ல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வார நாட்களுக்கு 20 சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் அதில் குத்தி வைத்தார். தினம் ஒன்று ஏற்றினார்கள். காத்திருப்பு நீள நீள வெளிச்சம் குறையவில்லை, கூடியது.

எங்கள் அம்மா வைத்திருந்தது வேறு வழக்கம். குடிலுக்குப் புல் வேண்டும் என்று ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைப்பார். அது எங்கள் வீட்டு வழக்கம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிரான்சின் புரொவான்ஸ் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளில் சின்னத் தட்டுகளில் கோதுமை விதைக்கிறார்கள். குரோவேசியாவிலும் ஹங்கேரியிலும் 13-ஆம் தேதி, புனித லூசியா நாளில். கிறிஸ்துமஸுக்குள் பச்சைப் பசேலென்று நிற்கும்.

உங்கள் அறையில் படிக்கிற மேசை இருக்குமே, அதன் ஓரத்தில் ஒரு தட்டு வைக்க இடம் இருந்தால் போதும். கேழ்வரகை 12-ஆம் தேதி இரவு ஊறப்போட்டு, மறுநாள் காலையில் ஈர மண்மேல் தூவுங்கள். மேலே ஓர் ஈரத்துணி போட்டு மூடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தெரியாது. துணியைத் தூக்கித் தூக்கிப் பார்க்காமல் தண்ணீர் மட்டும் தெளித்துவிட்டுப் புத்தகத்தை எடுங்கள். 18-ஆம் தேதி மாலை நான் பரங்கிமலையில் இருப்பேன். உங்கள் தேர்வுக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.